இயற்கை மூட்டிய உலை

நுழையும்முன்

மனிதன் கட்டிய முதல் அணு உலை 1942ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் சிகாகோ நகரில் இயங்கத் தொடங்கியது. அதற்கு ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகளுக்கு முன்பே ஆப்பிரிக்க நிலத்தின் அடியில் இயற்கை தன் உலையை மூட்டியிருந்தது. அதைத் தேடி எவரும் புறப்படவில்லை. கணக்கில் நேர்ந்த மிகச் சிறிய குறை ஒன்றைப் பின்தொடர்ந்து சென்றவர்கள் அதன்முன் போய் நின்றார்கள்.

லட்சத்தில் மூன்று

பிரான்சு நாட்டின் தென்பகுதியில் பியர்லாட் என்னும் ஊர் உள்ளது. அங்கு யுரேனியத்தைச் செறிவூட்டும் ஆலை ஒன்று இயங்கிவந்தது. ஆலைக்கு வரும் மூலப்பொருளை நிறை நிறமாலைமானியில் இட்டு, அதில் யுரேனியம்-235 எவ்வளவு, யுரேனியம்-238 எவ்வளவு என்று அளந்து குறித்துக்கொள்வது அன்றாடப் பணி. 1972ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அவ்வாறு அளந்தபோது, 0.7202 விழுக்காடு இருக்கவேண்டிய யுரேனியம்-235, ஒரு மாதிரியில் 0.7171 விழுக்காடாக இருந்தது. ஒரு லட்சம் யுரேனிய அணுக்களில் 720 இருக்கவேண்டிய இடத்தில் 717 இருந்தன. மூன்று அணுக்கள் குறைவு.

இவ்வளவு சிறிய வேறுபாட்டைக் கருவியின் பிழையென்று ஒதுக்கிவிட்டு அடுத்த மாதிரிக்குச் சென்றிருக்கலாம். அன்று அளந்தவர்கள் அவ்வாறு செய்யவில்லை. அதற்குத் தக்க காரணம் இருந்தது. யுரேனியத்தின் இவ்விரு ஐசோடோப்புகளின் விகிதம் உலகில் எங்கும் மாறுவதில்லை. கனடாவில் எடுத்த தாதுவிலும், நிலவிலிருந்து கொண்டுவந்த பாறையிலும், விண்ணிலிருந்து விழுந்த விண்கற்களிலும் அது ஒன்றாகவே இருந்தது. இரண்டும் வேதியியல் பண்பில் ஒரே தனிமம். எனவே, மழையோ ஆறோ வேதிவினையோ அவற்றுள் ஒன்றைமட்டும் பிரித்தெடுத்துச் செல்ல இயலாது. மாறக்கூடாத ஓர் எண் மாறியிருந்தது என்பதே அவர்களது கவலை.

கவலைக்கு மற்றொரு காரணமும் உண்டு. அணுகுண்டு செய்ய உதவுவது யுரேனியம்-235. அது காணாமற்போனால் எவரேனும் அதனைக் கடத்தியிருக்கக்கூடும் என்னும் ஐயம் எழுவது இயல்பு. அந்தச் சுரங்கத்திலிருந்து வந்த யுரேனியத்தில் மொத்தம் ஏறத்தாழ 200 கிலோகிராம் யுரேனியம்-235 குறைந்திருந்தது என்று பின்னர்க் கணக்கிடப்பட்டது. அஃது ஆறு அணுகுண்டுகளுக்குப் போதுமான அளவு. செய்தி பிரான்சு அணுசக்தி ஆணையத்தை எட்டியது.

ஆணையத்தின் வல்லுநர்கள் பின்னோக்கிச் சென்றனர். ஆலையில் ஏற்கெனவே பயன்படுத்தப்பட்ட, செறிவு குறைந்த யுரேனியம் தவறிக் கலந்துவிட்டதா என்று முதலில் பார்த்தனர், கலக்கவில்லை. தாது கடந்துவந்த ஒவ்வோர் இடத்திலும் சேமித்துவைத்திருந்த மாதிரிகளை எடுத்து அளந்தனர். குறை எங்கும் இருந்தது. இறுதியில் வழி, நடு ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள காபோன் நாட்டில், பிரான்சுவில் நகருக்கு அருகிலுள்ள ஒக்லோ என்னும் சுரங்கத்தில் முடிந்தது. குறைபாடு ஆலையில் தோன்றியதன்று. மண்ணிலிருந்தே அவ்வாறு வந்திருந்தது. சுரங்கத்தின் சில இடங்களில் எடுத்த பாறையில் யுரேனியம்-235, 0.44 விழுக்காடு மட்டுமே இருந்தது.

சாம்பலின் சாட்சி

அடுப்பில் தீ எரிந்ததா என்று அறியச் சாம்பலைப் பார்ப்பது போல, அணுக்கருப் பிளவு நடந்ததா என்று அறிய அதன் எச்சங்களைப் பார்க்கவேண்டும். யுரேனியம்-235 அணுக்கருவை ஒரு நியூட்ரான் தாக்கும்போது அது சமமற்ற இரு துண்டுகளாகப் பிளக்கிறது. அத்துண்டுகள் நியோடிமியம், ருத்தேனியம், செனான் முதலிய தனிமங்களாக நிலைபெறுகின்றன. ஆனால், பிளவில் பிறந்த நியோடிமியம் இயற்கையில் கிடைக்கும் நியோடிமியத்தைப் போன்றதன்று. இயற்கை நியோடிமியத்தில் நிறை எண் 142 கொண்ட ஐசோடோப்பு 27 விழுக்காடு உண்டு. பிளவினால் அந்த ஐசோடோப்பு தோன்றுவதே இல்லை. ஒக்லோ பாறையில் அது 6 விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்தது. பாறையில் முன்பே கலந்திருந்த இயற்கை நியோடிமியத்தின் பங்கைக் கழித்துவிட்டுப் பார்த்தபோது, எஞ்சிய அளவுகள் மனிதன் கட்டிய உலைகளின் எரிபொருள் எச்சத்தோடு ஒத்திருந்தன.

இதன்பின் ஐயத்திற்கு இடமில்லை. 1972ஆம் ஆண்டு செப்டம்பர் 25ஆம் நாள், பிரான்சிஸ் பெரன் என்னும் இயற்பியலறிஞர், பிரெஞ்சு அறிவியல் கழகத்தில் இக்கண்டுபிடிப்பை அறிவித்தார். தொடர்வினைக்கு வேண்டிய மாறுநிலை நிறையை 1939ஆம் ஆண்டிலேயே கணக்கிட முயன்றவர் அவர். மனிதனுக்கு அது புதுக்கணக்கு. மண்ணுக்குப் பழங்கணக்கு என்பதை அறிவிக்கும் பொறுப்பு அவருக்கே வாய்த்தது.

முன்னரே சொன்னவர்

இயற்கையிலும் அணு உலை அமையக்கூடும் என்னும் எண்ணம் அதற்குமுன் எவர்க்கும் தோன்றாமல் இல்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் வெதரில், மார்க் இங்ராம் ஆகியோர் 1953ஆம் ஆண்டில் அதனைக் குறிப்பிட்டிருந்தனர். ஆயினும் அதனை முறையாகக் கணக்கிட்டுக் காட்டியவர் பால் கசுவோ குரோடா. சப்பானில் பிறந்து, வெந்நீர் ஊற்றுகளின் வேதியியலை ஆராய்ந்து, பின்னர் அமெரிக்கா சென்று ஆர்க்கன்சா பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர் இவர். 1956ஆம் ஆண்டில் இவர் வெளியிட்ட ஆய்வுரை மிகச் சிறியது. இயற்கையில் உலை மூள வேண்டுமாயின் என்னென்ன அமையவேண்டும் என்று அதில் கூறினார்.

யுரேனியப் படிவு தடிப்பானதாக இருக்கவேண்டும். நியூட்ரான் ஒன்று, பிளவை உண்டாக்குமுன் செல்லும் தொலைவு ஏறத்தாழ முக்கால் மீட்டருக்குச் சற்றுக் குறைவு. படிவு அதைவிடச் சிறியதாயின் நியூட்ரான்கள் வெளியேறிவிடும். அப்படிவில் யுரேனியம்-235 போதிய பங்கு இருக்கவேண்டும். விரைந்து செல்லும் நியூட்ரான்களின் வேகத்தைக் குறைக்கும் தணிப்பான் வேண்டும். இவையெல்லாம் இருந்தும், போரான், லித்தியம் போன்ற நியூட்ரான்களை விழுங்கும் தனிமங்கள் மிகுதியாக இருந்துவிட்டால் பயனில்லை.

கணக்குப் பிழையற்றது, காட்டுவதற்குத்தான் இடமில்லை. அன்று அறியப்பட்ட எந்த யுரேனியப் படிவிலும் இத்தகைய தடயம் காணப்படவில்லை. கணக்கைச் செய்தவர் 16 ஆண்டுகள் காத்திருந்தார். ஒக்லோவில் கண்ட நிலைமைகள், அவர் எழுதிவைத்தவற்றோடு வியக்கத்தக்க வகையில் பொருந்தின. 2001ஆம் ஆண்டில் மறைந்த குரோடா, தம் கூற்று மெய்யானதைக் கண்ட பின்னரும் கால் நூற்றாண்டுக்குமேல் வாழ்ந்தார். எல்லா அறிஞர்க்கும் அந்தப் பேறு கிட்டுவதில்லை.

ஏன் அப்போது?

இன்று உலகில் எங்கேனும் இயற்கையாக அணு உலை மூளுமா? மூளாது. இதற்கு விடை, அரை ஆயுட்காலம் என்னும் கருத்தில் உள்ளது. யுரேனியம்-235இன் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 70 கோடி ஆண்டுகள். யுரேனியம்-238இன் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 447 கோடி ஆண்டுகள். இரண்டும் சிதைந்துகொண்டே இருக்கின்றன. ஆனால் முன்னது மிக விரைவாகச் சிதைகிறது. இதனைப் பின்னோக்கிக் கணக்கிட்டால், 200 கோடி ஆண்டுகளுக்குமுன் யுரேனியம்-235 இன்றுள்ளதைப் போல் ஏழு மடங்குக்குச் சற்று மிகுதியாகவும், யுரேனியம்-238 ஒன்றேகால் மடங்குக்குச் சற்று மிகுதியாகவும் இருந்திருக்கவேண்டும். அதன்படி அன்றைய யுரேனியத்தில் 235இன் பங்கு ஏறத்தாழ 3.7 விழுக்காடு.

இந்த எண் நமக்கு அறிமுகமானதே. சாதாரண நீரைத் தணிப்பானாகக் கொண்டு இயங்கும் இன்றைய உலைகளுக்கு, ஆலையில் பெரும்பாடுபட்டு 3 முதல் 5 விழுக்காடுவரை செறிவூட்டிய யுரேனியத்தையே எரிபொருளாக இடுகின்றனர். கூடங்குளத்தில் உள்ள உலைகள் இவ்வகையின. கல்பாக்கத்தில் உள்ள சென்னை அணுமின் நிலையம் செறிவூட்டாத யுரேனியத்தைக் கொண்டே இயங்குகிறது. ஆனால் அங்குத் தணிப்பான் கனநீர். சாதாரண நீர் நியூட்ரான்களின் வேகத்தைக் குறைப்பதோடு அவற்றுள் சிலவற்றை விழுங்கியும் விடுகிறது; கனநீர் மிகக் குறைவாகவே விழுங்குகிறது. இயற்கையில் கனநீர் தனித்துத் தேங்குவதில்லை. ஆகவே, 0.72 விழுக்காடு யுரேனியமும் ஊற்றுநீரும் மட்டுமே உள்ள இன்றைய நிலத்தில் உலை மூள வழியில்லை. அன்று, செறிவூட்டும் ஆலையின் வேலையைக் காலமே செய்து வைத்திருந்தது.

அப்படியாயின் 300 கோடி, 400 கோடி ஆண்டுகளுக்குமுன் யுரேனியம்-235 இன்னும் மிகுதியாக இருந்திருக்குமே. அப்போதல்லவா உலைகள் நிறைய மூண்டிருக்கவேண்டும் என்று கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். விடை யுரேனியத்தில் இல்லை; காற்றில் உள்ளது.

பாறைகளில் யுரேனியம் பொதுவாக மிகவும் சிதறிக் கிடக்கும். அது ஓரிடத்தில் திரளவேண்டுமாயின் முதலில் நீரில் கரையவேண்டும். பின்னர் ஓரிடத்தில் படியவேண்டும். ஆக்சிசன் இல்லாத சூழலில் யுரேனியம் நீரில் கரைவதில்லை; ஆக்சிசனேற்றம் அடைந்த பின்னரே கரைகிறது. பூமியின் தொடக்கக் காலத்தில் வளிமண்டலத்தில் ஆக்சிசன் இல்லை எனலாம். நீலப்பச்சைப் பாசிகள் எனப்படும் நுண்ணுயிர்கள் சூரிய ஒளியில் உணவு சமைத்து, ஆக்சிசனை வெளிவிட்டு வந்ததன் விளைவாக, ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன்னர்த்தான் அது காற்றில் நிலைக்கத் தொடங்கியது. அதன்பின் மழையும் நிலத்தடி நீரும் பாறைகளிலிருந்து யுரேனியத்தைக் கரைத்துச் சென்றன. ஒக்லோவின் மணற்பாறைகளில், மக்கிய உயிர்ப்பொருள்கள் செறிந்த இடங்களை அந்நீர் அடைந்தபோது, யுரேனியம் ஆக்சிசனை இழந்து, கரைதிறன் கெட்டு, அங்கேயே படிந்தது. சில இடங்களில் பாறையின் எடையில் பாதிக்குமேல் யுரேனிய ஆக்சைடு என்னும் அளவுக்கு அது திரண்டது.

ஆக, காற்றில் ஆக்சிசன் வருவதற்குமுன் யுரேனியம் திரள முடியாது. மிகவும் காலந்தாழ்த்தித் திரண்டால் அதில் 235 போதாது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் ஒக்லோ அமைந்தது. கண்ணுக்குத் தெரியாத பாசிகள் விட்ட மூச்சுக்கும் அணு உலைக்கும் இப்படியொரு தொடர்பு இருக்கும் என்று, உயிரியலையும் இயற்பியலையும் தனித்தனி நூல்களாகப் படிக்கும் நமக்கு எளிதில் தோன்றுவதில்லை.

நீரே கட்டுப்படுத்தியது

தமிழில் உலை என்னும் சொல்லுக்கு இருபொருள் உண்டு. கொல்லன் இரும்பைக் காய்ச்சும் தீயிடமும் உலை. அரிசி இடுவதற்காக அடுப்பில் ஏற்றும் நீரும் உலை. ஒக்லோவுக்கு இரண்டும் பொருந்தும்.

யுரேனியம்-238 அணுக்கருக்களுள் மிகச் சில தாமாகவே பிளந்து நியூட்ரான்களை வெளிவிடுவது எப்போதும் நடப்பது. நீர் நிறைந்த பாறையில் அந்நியூட்ரான்கள் வேகம் தணிந்து, யுரேனியம்-235ஐத் தாக்கின. ஒரு பிளவில் பிறந்த நியூட்ரான்கள் மறுபிளவை உண்டாக்கத் தொடர்வினை மூண்டது. வெப்பம் பெருகியது. பாறை சூடேறிப் பல நூறு டிகிரியை எட்டியபோது நீர் கொதித்து ஆவியாகி அகன்றது. நீர் அகன்றதும் நியூட்ரான்களின் வேகத்தைத் தணிக்க ஒன்றுமில்லை, தொடர்வினை அடங்கியது. பாறை மெல்லக் குளிர்ந்தது. நிலத்தடி நீர் மீண்டும் கசிந்து நிறைந்தது. உலை மீண்டும் மூண்டது. நம் உலைகளில் நியூட்ரான்களை விழுங்கும் கழிகளை ஏற்றியிறக்கிச் செய்யும் வேலையை, அங்கு வருவதும் போவதுமாக நீர் செய்தது.

இவ்வாறு நடந்திருக்கவேண்டும் என்பது முதலில் ஊகமே. அதற்குக் கால அளவைக் கண்டு சொன்னவர்கள் அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரில் உள்ள வாசிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலெக்ஸ் மெஷிக் என்பவரும் அவருடன் ஆய்ந்தவர்களும். ஒக்லோவின் சிறு பாறைத் துண்டு ஒன்றில், அலுமினியம் பாஸ்பேட் என்னும் கனிமத்தினுள் செனான் வளிமம் சிறைப்பட்டிருப்பதைக் கண்டனர். யுரேனியத்தில் தோன்றிய வளிமம் யுரேனியத்தில் இல்லாமல் அயலிலுள்ள கனிமத்தில் ஏன் தங்கியது? செனானின் ஐசோடோப்புகள் பிளவின்போது நேரடியாகப் பிறப்பதில்லை. வேறு தனிமங்கள் முதலில் பிறந்து, அவை சிதைந்து செனானாகின்றன. சில விரைவில் சிதையும். சில நாள்கணக்கில் எடுத்துக்கொள்ளும். உலை சூடாக இருக்கும்போது தோன்றிய செனான் தப்பியோடியது. குளிர்ந்தபின் தோன்றியது கனிமத்தில் சிக்கிக்கொண்டது. எந்த ஐசோடோப்பு எவ்வளவு சிக்கியுள்ளது என்று கணக்கிட்டு, அந்த உலை ஏறத்தாழ அரைமணி நேரம் எரிந்து, இரண்டரை மணி நேரம் அடங்கி, மீண்டும் எரிந்தது என்று 2004ஆம் ஆண்டில் அறிவித்தனர். மனிதனே தோன்றாத காலத்தில் நிகழ்ந்த ஒன்றை நிமிடக்கணக்கில் சொல்ல முடிந்தது, நாம் காற்றில் மிகச் சிறிய அளவே உள்ளதென்று பொருட்படுத்தாத ஒரு வளிமத்தால்.

இந்த மூள்வதும் அடங்குவதும் சில லட்சம் ஆண்டுகள் தொடர்ந்தன. ஆற்றல் பெரிதன்று. சராசரித் திறன் 100 கிலோவாட்டுக்கும் குறைவு என்று மதிப்பிடப்படுகிறது. கூடங்குளத்தின் ஓர் உலை தரும் மின்திறன் 1000 மெகாவாட். அதாவது பத்தாயிரம் மடங்கு. ஒக்லோவிலும் அடுத்துள்ள ஒக்கெலோபோண்டோ சுரங்கத்திலும் இத்தகைய உலைப்பகுதிகள் 16 அறியப்பட்டன. ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் பங்கோம்பே என்னும் இடத்தில் மற்றொன்று காணப்பட்டது.

புதைத்தது தங்குமா?

ஒக்லோவை அறிஞர்கள் இன்றும் ஆராய்வதற்குக் காரணம் பழமை மட்டுமன்று. அணு உலைகள் இயங்கும் நாடுகள் அனைத்தும் எதிர்கொள்ளும் வினா ஒன்று உண்டு: எரிந்து முடிந்த எரிபொருளில் உள்ள கதிரியக்கக் கழிவை எங்கே வைப்பது? அவற்றுள் புளூட்டோனியம்-239இன் அரை ஆயுட்காலம் மட்டும் ஏறத்தாழ 24,000 ஆண்டுகள். ஆழ்நிலப் பாறையில் புதைக்கலாம் என்கின்றனர். புதைத்தது அங்கேயே இருக்குமா, நிலத்தடி நீரில் கலந்து வெளிவருமா என்பதை எந்த ஆய்வகத்திலும் அத்தனை ஆண்டுகள் காத்திருந்து பார்க்க இயலாது. ஒக்லோ அந்தச் சோதனையை முன்பே செய்துவைத்திருக்கிறது.

அங்குத் தோன்றிய புளூட்டோனியம் சிதைந்து மறைந்துவிட்டது; ஆனால் அது சிதைந்து விட்டுச்சென்ற தடயம், தோன்றிய இடத்தை விட்டுப் பெரும்பாலும் நகரவில்லை. நியோடிமியம் போன்றவையும் அவ்வாறே தங்கின. எஃகுக் கலனோ கற்காரைச் சுவரோ அங்கு இல்லை. யுரேனியக் கனிமத்தின் படிகங்களும் அவற்றைச் சூழ்ந்த களிமண்ணுமே காவல். எனினும் எல்லாமே தங்கிவிட்டன என்று சொல்வது மிகை. செனான் முதலிய வளிமங்களில் பெரும்பகுதியும், சீசியம் போல் எளிதில் கரைபவையும் வெளியேறின. ஓரிடத்துக் களிமண் காத்தது என்பதால் எவ்விடத்துப் பாறையும் காக்கும் என்று முடிவு கட்டுவதும் பொருந்தாது. எந்தப் பாறை, எந்த நீர், எவ்வளவு வெப்பம் என்று பார்த்துப் பார்த்துச் சொல்லவேண்டியது அது. ஒக்லோவைச் சான்று காட்டி அணுக்கழிவால் அச்சமே இல்லை என்பாரும், அதனைக் காணாதது போல் கடந்து செல்வாரும் ஒரே பிழையைச் செய்கின்றனர்.

இன்னொரு பயனும் ஒக்லோவால் விளைந்தது. 1976ஆம் ஆண்டில் அலெக்சாந்தர் ஷ்ல்யாக்தர் என்னும் உருசிய இயற்பியலறிஞர், இயற்கையின் அடிப்படை மாறிலிகள் காலப்போக்கில் மாறுகின்றனவா என்று அறிய இப்பாறைகளை நாடினார். சமாரியம்-149 என்னும் ஐசோடோப்பு, ஒரு குறிப்பிட்ட ஆற்றலுடைய நியூட்ரானை மிகுதியாக விழுங்கும். மாறிலிகள் சிறிது மாறியிருந்தாலும் அந்த ஆற்றல் பெயர்ந்துவிடும். விழுங்கும் அளவும் மாறிவிடும். ஒக்லோவில் சமாரியம் எவ்வளவு குறைந்துள்ளது என்று பார்த்தபோது, 200 கோடி ஆண்டுகளுக்கு முன்னும் அது இன்று போலவே நடந்துகொண்டது தெரியவந்தது.

எஞ்சியது

1975ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் காபோன் தலைநகர் லிப்ரவில்லில் பன்னாட்டு அறிஞர்கள் கூடி ஒக்லோவைப் பற்றி ஆராய்ந்தனர். ஆனால் ஒக்லோ, அறிஞர்களுக்காகத் தோண்டப்பட்ட இடமன்று. அது வணிகச் சுரங்கம். செறிந்த தாது எங்குள்ளதோ அங்கேதான் உலையும் இருந்தது. அங்கேதான் அகழ்வதும் நடந்தது. 1972க்கு முன்னரே ஒரு பகுதி தோண்டப்பட்டு, அரைக்கப்பட்டு, பிற தாதுவுடன் கலந்து கப்பலேறியிருந்தது. பியர்லாட்டில் அளந்த மாதிரியில் குறை மிகச் சிறியதாகத் தெரிந்ததற்கும் அக்கலப்பே காரணம். இன்னும் சிறிது மிகுதியாகக் கலந்திருந்தால் அந்த மூன்று அணுக்களும் கண்ணில் பட்டிரா.

1999ஆம் ஆண்டில் அகழ்வு நின்றது. உலைப்பகுதிகளுள் பெரும்பாலானவை அதற்குள் எடுக்கப்பட்டுவிட்டன. இயற்கை மூட்டிய அந்த உலைகளின் எச்சம், மனிதன் கட்டிய உலைகளுக்கு எரிபொருளாகச் சென்றது. ஆய்வுக்கென எடுத்துவைத்த பாறைத் துண்டுகள் சில ஆய்வகங்களிலும் அருங்காட்சியகங்களிலும் உள்ளன; வியன்னா நகரின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் அவற்றுள் ஒன்றைக் காணலாம். தோண்டப்படாமல் தப்பியது பங்கோம்பே. அது நிலத்தின் மேற்பரப்புக்கு அருகில் உள்ளது. மழைநீர் அதனூடே இறங்கிக்கொண்டிருக்கிறது.